கண்டுபிடிக்கிற வேலைக்கு யார் கூலி கொடுப்பது?

கார் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் "மெக்கானிக் பில்லைத் தீட்டிட்டான்" என்ற புலம்பலைக் கேட்கலாம். கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுத் தன் அனுபவத்தைச் சொல்வார். கடைசியில் பேச்சு "நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?" என்பதில் வந்து நிற்கும். இந்தப் பேச்சில் ஒரு விஷயம் ரொம்ப நாளாக எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. மாற்றாத ஃபில்டருக்குப் பில் போடுவதும், மூன்று லிட்டர் பிடிக்கிற என்ஜினுக்கு நாலு லிட்டர் ஆயில் எழுதுவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய பில்களை வரி வரியாகப் பார்த்தால் பெரிய தொகை போன வழி பெரும்பாலும் வேறாக இருக்கும். நல்லா இருந்த ஒரு பார்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பார்ட்டைப் போட்டிருப்பார்கள். ஒரிஜினல் பார்ட், நியாயமான விலை, வழக்கமான லேபர், எல்லாம் சரி. கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பத்தாயிரம் ரூபாய் போய்விட்டது. ரேட்டைக் குறைத்துப் பேசுவதில் கவனம் வைக்கிற நாம் இந்த ஓட்டையைப் பார்ப்பதே இல்லை.

ஒரு 'டக் டக்' சத்தம்

ஐந்தாறு வருடம் ஓடிய காரில் ரொம்ப சகஜமாக வருவது முன்பக்கத்து 'டக் டக்' சத்தம். பெரிய ஸ்பீடு பிரேக்கரில் அவ்வளவாகக் கேட்காது. பேட்ச் போட்ட தார் ரோட்டிலும் பேவர் பிளாக் பதித்த தெருவிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலுக்கடியில் தட்டும். ஒர்க்‌ஷாப்பில் பேச்சு இப்படிப் போகும். "அண்ணே, முன்னாடி சத்தம் வருது, ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு நினைக்கிறேன்." "ஆமா சார், ஆயில் கூட லேசா கசிஞ்சிருக்கு, ரெண்டையும் போட்ரலாம்." இரண்டு ஷாக், இரண்டு மவுண்ட், லேபர், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொடும். வண்டி வெளியே வந்ததும் முதல் தெருமுனையில் மறுபடியும் டக் டக். அடுத்த வாரம் லோயர் ஆர்ம். அதற்கப்புறம், "ஸ்டீயரிங் ராக்கா இருக்கும் சார்."

பல வண்டிகளில் குற்றவாளி ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரை சக்கரப் பக்கத்தோடு இணைப்பது இதுதான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ நீளமுள்ள கம்பி, இரண்டு முனையிலும் கோலிக்குண்டு அளவில் ஒரு பால் ஜாயிண்ட். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்தால் மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் காய்ந்து, ஜாயிண்ட் ஆட ஆரம்பிக்கும். சின்ன கார்களுக்கு விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம். ஒரு பக்கத்துக்கு இரண்டு நட்டு, அரை மணி நேர வேலை.

இவ்வளவு சாதாரண கோளாறு ஏன் பிடிபடுவதில்லை என்றால், தேடுகிற முறையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது. வண்டி நாலு சக்கரத்திலும் சமமாகத் தரையில் நிற்கும்போது, பிட்டில், அதாவது வண்டிக்கு அடியில் நின்று பார்க்கிற குழியில், இறங்கி லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக உலுக்க வேண்டும். தேய்ந்திருந்தால் உள்ளங்கையிலேயே 'டிக்' என்று உணரலாம். அப்போதும் சந்தேகமென்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் வந்த அதே தெருவில் மெதுவாக ஒரு ரவுண்டு போய் வர வேண்டும். திருப்பத்தில் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. நிற்கவில்லை என்றால் லிங்க் ராடைத் திருப்பி மாட்டிவிட்டு ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். இந்தச் சோதனைக்குப் பார்ட் செலவு ஒரு பைசா கிடையாது. முக்கால் மணி நேரம் மட்டும் போகும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நான் யோசிக்கத் தொடங்கிய இடம் இதுதான். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் லேபர் என்பது கழற்றி மாட்டுவதற்கு. ஷாக் மாற்றினால் இவ்வளவு, கிளட்ச் இறக்கினால் இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு. தேடிக் கண்டுபிடிப்பதற்கு ரேட் கிடையாது. ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் தேடி, தளர்ந்துபோன ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டால் நாம் நூறு ரூபாயை நீட்டி "டீ சாப்பிடுங்க" என்போம். அதே ஆள் தேடாமல் இரண்டு ஷாக்கை மாற்றியிருந்தால் லேபரும் கிடைத்திருக்கும், ஸ்பேர்ஸ் கடைக் கமிஷனும் கிடைத்திருக்கும். யோசித்துப் பார்க்கிறவருக்குப் பட்டினி, பார்ட் மாற்றுகிறவருக்குப் படியளப்பு என்று இந்த ஏற்பாட்டை நாமே செய்து வைத்திருக்கிறோம். அதனால் வண்டியை விடும்போதே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, எதையும் மாத்த வேணாம். எதனாலன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பார்க்கிறதுக்கு ஐநூறு ரூபா தனியா தர்றேன், வேலை இங்க செஞ்சாலும் செய்யலைன்னாலும்." கேள்வி சிக்கலாக இருந்தால் ஆயிரமே கொடுக்கலாம். கார் செலவில் இவ்வளவு லாபம் தருகிற ஆயிரம் ரூபாய் வேறு எனக்குத் தெரியாது.

பார்ட் பெயரைச் சொல்லாதீர்கள்

மேலே சொன்ன பேச்சில் ஷாக் அப்சார்பர் என்ற வார்த்தையை முதலில் எடுத்தது வண்டிக்காரர். டாக்டரிடம் போய் "எனக்கு அல்சர், மாத்திரை கொடுங்க" என்பது போலத்தான் இது. வாடிக்கையாளரே பெயர் சொன்னதும் மெக்கானிக் அதை மாற்றிக் கொடுத்துவிடுவார். சத்தம் போகவில்லை என்றால், "நீங்கதானே சார் சொன்னீங்க."

சொல்ல வேண்டியது அறிகுறிகள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? எந்த வேகத்தில், எந்த கியரில்? பிரேக் மிதித்தால் கூடுகிறதா, குறைகிறதா? உதாரணமாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'கட கட கட' என்று வந்தால் ஆக்ஸில் சிவி ஜாயிண்ட் பக்கம் பார்க்க வேண்டும். அறுபதுக்கு மேல் 'ஊம்ம்' என்று இரைந்து, நீண்ட வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அந்த இரைச்சல் மாறினால் வீல் பேரிங். பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டிஸ்க். பிரேக்கே தொடாமல் எண்பதில் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங். ஒர்க்‌ஷாப்பில் வண்டி நல்ல பிள்ளையாகிவிடும் என்பதால் சத்தம் வரும்போதே பக்கத்தில் இருப்பவரை போனில் பதிவு செய்யச் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள். பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் பத்து நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஸ்கேனர் சொல்வது பாதி

இன்று ஓடுகிற கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் அடாப்டரைச் செருகினால் செக் என்ஜின் லைட் ஏன் எரிகிறது என்பதை போனிலேயே படித்துவிடலாம். அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் அதில் வருகிற கோடு (code), அதாவது கோளாறு எண், தீர்ப்பு இல்லை. பி 0301 என்றால் முதல் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. "கோடு வந்திருக்கு சார், காயில் நாலையும் மாத்திடலாம்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காயில் என்பது பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருகிற பாகம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் உள்ள பெட்ரோல் என்ஜினில், முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவது சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், ஐந்து நிமிடம். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0302 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, அந்த ஒரு காயில் போதும். மறுபடியும் பி 0301 என்றே வந்தால் காயில் நல்லா இருக்கிறது. அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இதே போல பி 0171, அதாவது காற்று கூடுதல் பெட்ரோல் குறைவு என்ற கோடு வந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன் இன்டேக் பக்கத்து ரப்பர் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

வருடா வருடம் ஏசி கேஸ்

ஏப்ரல் பிறந்தால் "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்." இதை நம்புவதற்கு ஒரு காரணம், நாம் ஏசி கேஸையும் பெட்ரோல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். ஒரே வருடத்தில் கூலிங் போகிற அளவுக்குக் குறைந்தால் லீக் இருக்கிறது. லீக்கை விட்டுவிட்டு கேஸ் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது.

முதலில் காசில்லாத விஷயங்களைப் பாருங்கள். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற கேபின் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கிறதா? ஏசி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா? சிக்னலில் நின்றால் அனல், ஓட்டினால் சில்லென்று இருந்தால் பெரும்பாலும் ஃபேன், அல்லது மண் அடைத்த கண்டென்சர். இவை எல்லாம் சரியாக இருந்தால் லீக் தேட வேண்டும். கேஸோடு எண்ணெயும் சேர்ந்துதான் வெளியே வரும். அதனால் குழாய் இணைப்புகளிலும் கண்டென்சர் முகத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். கேஸ் ஏற்றுகிற வால்வின் உள் ஊசியும் இணைப்புகளில் இருக்கிற ஓ ரிங்கும் அடிக்கடி கசியும். இரண்டும் ரொம்ப மலிவு. நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கிற கடைகள் இருக்கின்றன, அங்கே போங்கள். கூலிங் காயில் லீக் என்றால் டேஷ்போர்டு இறக்க வேண்டிய வண்டிகள் உண்டு, அது பெரிய வேலை. அதனால் எங்கே லீக் என்பதைக் கண்ணால் காட்டச் சொல்லாமல் சம்மதிக்காதீர்கள். காயில் மாற்றினால் கூடவே எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். கேஸ் ஏற்றும் முன் அரை மணி நேரமாவது வேக்யூம் இழுக்க வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குள் ஸ்டிக்கர் இருக்கும். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். கூடினாலும் கூலிங் குறையும்.

பெட்டி, விலை, கமிஷன்

கார் கம்பெனி எல்லா பார்ட்டையும் தானே செய்வதில்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், வீல்ஸ் இந்தியா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ரானே குழுமம் ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிறது. கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிற இந்த மாதிரி நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் கடைக்கு விற்கின்றன. அதே தரத்து பிரேக் பேடோ டை ராடு எண்டோ, கார் கம்பெனிப் பெட்டியில் வருவதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும். ஆர்சி புத்தகத்தில் இருக்கிற பதினேழு எழுத்து சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் சரியான பார்ட் நம்பரை எடுத்துவிடலாம். பார்ட் நம்பர் தெரிந்தபின் விலை விசாரிப்பது சுலபம். பெட்டியில் எம்ஆர்பியும் பேக் செய்த மாதமும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய ஸ்டாக் பெட்டியில் பழைய விலையே அச்சாகியிருக்கலாம், பில்லில் 18 தானா என்று பாருங்கள்.

நாமே பார்ட் வாங்கிக் கொடுப்பதா, மெக்கானிக்கை வாங்கச் சொல்வதா? ஸ்பேர்ஸ் கடையில் மெக்கானிக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அதற்காகச் சண்டை போடுவது சரியில்லை என்பது என் எண்ணம். அவர் வாங்கிப் போட்ட வாட்டர் பம்ப் ஒரு மாதத்தில் ஒழுகினால் அவரே கழற்றி மாற்றித் தருவார், இரண்டாவது லேபர் கேட்க மாட்டார். நாம் வாங்கிக் கொடுத்தது ஒழுகினால் மறுபடியும் லேபர் நம் தலையில். கழற்ற அரை நாள் ஆகிற பார்ட்டை அவரே வாங்கட்டும், எம்ஆர்பிக்கு மேல் போகாமல் பில்லோடு. பேட்டரி, டயர், வைப்பர், பல்பு, ஏர் ஃபில்டர் மாதிரி சுலபமாக மாட்டுவதை நாம் வாங்கலாம்.

சென்னையில் பழைய பார்ட் விற்கிற புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் கண்ணாடி, டோர், டெயில் லேம்ப், உள் பேனல், வீல் ரிம் மாதிரியானவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும், ரப்பர் எதையும், டைமிங் பெல்ட், ஏர்பேக் இவற்றையும் பழசாக வாங்கவே கூடாது.

ஜாப் கார்டில் கையெழுத்து போடும் முன்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விரயம் வேறு மாதிரி நடக்கும். அங்கே எஸ்டிமேட்டில் என்ஜின் ஃப்ளஷ், ஃபியூயல் அடிட்டிவ், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், சைலன்சர் கோட்டிங், த்ரோட்டில் பாடி கிளீனிங் என்று வரிசையாக வரும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாத வரி எதுவாக இருந்தாலும் "என்ன கோளாறுக்காக?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் அட்வைசர் கோபித்துக்கொள்ள மாட்டார், தினமும் கேட்கிற கேள்விதான். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்றால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். புதுசு சுமார் பத்து, மூன்றுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும், ஆறு இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாம். அலைன்மென்ட் செய்தால் முன்னும் பின்னுமான அளவுகளின் பிரிண்ட் அவுட் வாங்குங்கள். ஜாப் கார்டில் இரண்டு வரி உங்கள் கையால் எழுதுங்கள்: "எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் போனில் கேட்காமல் செய்யக்கூடாது. கழற்றிய பழைய பார்ட்டை டிக்கியில் வைக்கவும்." இரண்டாவது வரிக்குப் பலன் அதிகம்.

வாரண்டி பயம் காட்டினால் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேர்ஸையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததும், வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று கட்டிப்போட்டதும் அந்த வழக்கின் மையம். அதன்பின் மேல்முறையீடுகள் நடந்தன. நடைமுறையில், வாரண்டி காலத்தில் ஆயில் சர்வீஸை கம்பெனியிலேயே நேரத்துக்குச் செய்து பில்லை வைத்துக்கொள்வதுதான் தலைவலி இல்லாத வழி. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்

சில வேலைகளில் கூட மாற்றுவதுதான் சிக்கனம். கிளட்ச் பிளேட்டுக்காக கியர் பாக்ஸை இறக்கினால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். பின் கிராங்க் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். பேரிங்கை மிச்சப்படுத்திவிட்டு ஆறு மாதத்தில் அது கத்தினால் மொத்த லேபரும் மறுபடி. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் பெல்ட்டோடு டென்ஷனர், அந்தப் பெல்ட்டே சுற்றுகிற வாட்டர் பம்ப் என்றால் அதுவும். பெல்ட்டைப் புத்தகம் சொன்ன கிலோமீட்டருக்குமேல் தள்ளிப்போடாதீர்கள். அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும்.

டெம்பரேச்சர் ஊசி ஏறினால் அடுத்த ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். வெடித்த ஹோஸோ தெர்மோஸ்டாட்டோ சில நூறு, மிஞ்சினால் ஒன்றிரண்டாயிரம். ஐந்து கிலோமீட்டர் இழுத்து ஓட்டினால் ஹெட் கேஸ்கட், ஹெட் வளைவு, லேத்தில் ஃபேஸிங் என்று பல ஆயிரம். வெள்ளத்தில் நின்ற வண்டியும் இப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ என்ஜின்கள் போனது தண்ணீர் வடிந்தபின் சாவியைத் திருப்பியதால். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பொதுவாக இதற்குப் பணம் தராது.

ஒரு எர்த் ஒயர்

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு முதலில் புது பேட்டரி, ஒரு மாதம் கழித்து செல்ஃப் மோட்டார் என்று போவது நம் ஊரில் வழக்கமான பாதை. முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் வேறு பாதை உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் காட்டினால் பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள புது வண்டிகளில் இது ஏறி இறங்கும். அடுத்த சோதனையைப் பலரும் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் இன்னொரு முனையை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் என்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் ஒயர் சரியில்லை. ஒயர் முனையில் பச்சை பூத்த லக்கைக் கழற்றி, எமரி பேப்பரால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது.

சாயங்காலம் போன் வரும். "சார், எர்த் ஒயருதான் சார். தேய்ச்சு டைட் பண்ணிட்டேன். பேட்டரி நல்லா இருக்கு, மாத்த வேணாம். வந்து எடுத்துக்கங்க."

"எவ்ளோண்ணே?"

"அட, இதுக்கு என்ன சார், நீங்களே பார்த்துக் குடுங்க."

பேட்டரிக்கென்று எடுத்து வைத்த ஐயாயிரத்திலிருந்து ஆயிரம் ரூபாயைக் கொடுங்கள்.